கேட்கும்போது அல்ல, எழுதும்போதுதான் மெமரி வருகிறது

சி மொழி பழகுகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரும் பாடம் ஒன்று உண்டு. மெமரி கேட்கும் ஃபங்ஷனான மாலாக்கைக் (malloc) கூப்பிட்டால், நல் (NULL, 'இல்லை' என்ற பதில்) வந்ததா என்று பார். வரவில்லை என்றால் மெமரி கிடைத்துவிட்டது, எழுதலாம். நானும் பல வருடம் அதை அப்படியே நம்பினேன். 1 ஜிபி ரேம் உள்ள ஒரு வாடகை சர்வரில் என் ப்ரோகிராம் அந்தச் சோதனையைத் தாண்டி, வேலையையும் தொடங்கி, பாதியில் 'கில்டு' என்ற ஒரே சொல்லோடு செத்துப்போனது. எக்ஸிட் கோட், அதாவது ப்ரோகிராம் முடியும்போது விட்டுப்போகும் எண், 137. 128-உடன், கொன்ற சிக்னலின் எண் 9. 9 என்பது எந்த ப்ராசஸாலும் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோகிராமாலும்) தடுக்க முடியாத சிக்னல். மெமரி கிடைத்துவிட்டது என்று சொல்லிவிட்டு, அதில் எழுதியதற்காகக் கொல்வதா? அன்றுதான் உள்ளே என்ன நடக்கிறது என்று தேடிப் போனேன்.

லினக்ஸ் உள்ள எந்தக் கணினியிலும் நீங்களே இதைப் பார்க்கலாம். மாலாக்கிடம் 1 ஜிபி கேட்டுவிட்டு, ஒரு விசையை அழுத்தும்வரை காத்திருக்கும்படி நான்கு வரி எழுதுங்கள். இன்னொரு டெர்மினலில், ப்ராக் அடைவுக்குள் அந்த ப்ராசஸின் எண்ணுள்ள அடைவில் ஸ்டேட்டஸ் கோப்பைத் திறங்கள். விஎம்சைஸ் என்ற வரி 1 ஜிபிக்கு மேல் காட்டும். விஎம்ஆர்எஸ்எஸ் என்ற வரியோ ஓரிரண்டு எம்பியில் நிற்கும். முன்னது ப்ரோகிராமுக்கு ஒதுக்கிய முகவரிகளின் அளவு. பின்னது அது உண்மையிலேயே பிடித்திருக்கும் ரேம். இப்போது 4096 பைட்டுக்கு ஒரு பைட் வீதம் எழுதிக்கொண்டே போகும் ஒரு லூப்பைச் சேர்த்து ஓட்டுங்கள். இரண்டாவது எண் மளமளவென்று ஏறி 1 ஜிபியைத் தொடும். எழுதியது என்னவோ கால் எம்பிதான்.

மாலாக் தந்தது ரேமில் உள்ள இடம் அல்ல, வெறும் முகவரிகள். ப்ரோகிராம் பார்க்கும் முகவரி வேறு, ரேம் சிப்பில் உள்ள முகவரி வேறு. இரண்டுக்கும் நடுவே ஒரு அட்டவணை இருக்கிறது. 1962-இல் மான்செஸ்டரில் இயங்கத் தொடங்கிய அட்லஸ் கணினியிலேயே இந்த ஏற்பாடு வந்துவிட்டது. மெமரியைச் சம அளவுப் பக்கங்களாக வெட்டி, தேவைப்படும் பக்கத்தை மட்டும் முதன்மை நினைவகத்துக்குக் கொண்டுவரும் முறை அங்கிருந்துதான் தொடங்குகிறது. இன்றைய இன்டெல், ஏஎம்டி சிப்களில் ஒரு பக்கம் வழக்கமாக 4096 பைட்.

சரி, லூப் முதல் பைட்டை எழுதும் அந்த நொடிக்குள் போவோம். சிபியு அந்த முகவரியை எடுத்துக்கொண்டு பக்க அட்டவணையைத் தேடுகிறது. பொதுவாக நான்கு அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் முகவரியில் 9 பிட், பக்கத்துக்குள் எந்த பைட் என்று காட்ட 12 பிட், மொத்தம் 48. தேடிப்போன இடம் காலியாக இருக்கிறது. உடனே சிபியு வேலையை நிறுத்தி, தடுக்கிய முகவரியைத் தனி ரெஜிஸ்டர் ஒன்றில் குறித்துவைத்துவிட்டு, கட்டுப்பாட்டை ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கர்னலிடம் ஒப்படைக்கிறது. இதற்குப் பெயர்தான் பேஜ் ஃபால்ட். பெயரில் ஃபால்ட் இருந்தாலும் இது தவறு அல்ல, அன்றாட வேலை. இந்த முகவரி இவனுக்குக் கொடுத்ததுதானா, எழுத அனுமதி உண்டா என்று கர்னல் தன் பதிவேட்டைப் பார்க்கிறது. இல்லை என்றால் செக்மென்டேஷன் ஃபால்ட், ப்ரோகிராம் அங்கேயே முடிந்தது. உண்டு என்றால் ரேமில் சும்மா கிடக்கும் ஒரு பக்கத்தை எடுத்து, முழுக்கப் பூஜ்யத்தால் துடைத்து, அட்டவணையில் பதிந்துவிட்டுத் திரும்புகிறது. நின்ற அதே கட்டளை மறுபடி ஓடுகிறது. நடுவில் இவ்வளவு நடந்தது ப்ரோகிராமுக்குத் தெரியவே தெரியாது.

பக்கத்துக்கு ஒரு முறை என்றால், 1 ஜிபிக்கு இது 2,62,144 முறை நடக்க வேண்டும். அதனால்தான் தரவு வைக்கும் பெரிய பஃபர் ஒன்றில் முதல் முறை எழுதும்போது மெதுவாகவும், இரண்டாம் முறை வேகமாகவும் இருக்கிறது. கர்னல் 2 எம்பி பெரிய பக்கங்களாகக் கொடுத்தால் அதே வேலை 512 முறையில் முடிந்துவிடும்.

பூஜ்யத்தால் துடைப்பது சுத்தத்துக்காக அல்ல. அதே ரேம் பக்கம் சற்று முன்பு வேறொருவரின் கடவுச்சொல்லை வைத்திருந்திருக்கலாம். கர்னலிடமிருந்து புதிதாக வரும் பக்கம் பூஜ்யமாகத்தான் இருக்கும் என்பதால், பூஜ்யம் நிரப்பி மெமரி தரும் காலாக் (calloc) பெரிய அளவு கேட்கும்போது அதைத் திரும்பத் துடைக்காமல் விட்டுவிடும். ஆனால் நீங்களே ஃப்ரீ செய்து (திருப்பிக் கொடுத்து), மாலாக் மறுபடி உங்களுக்கே கொடுக்கும் இடத்தில் உங்கள் பழைய குப்பை அப்படியே கிடக்கும்.

இங்கே பலரும் குழம்பும் ஒரு இடம் இருக்கிறது. மாலாக் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் பகுதி அல்ல; உங்கள் ப்ராசஸுக்குள்ளேயே ஓடும் ஒரு நூலகம். கர்னலிடமிருந்து மொத்தமாக வாங்கி, உங்களுக்குச் சில்லறையாகக் கொடுக்கிறது. கர்னலுக்குப் பக்கக் கணக்குதான் தெரியும், பைட் கணக்கு தெரியாது. அதனால் 10 பைட் கேட்டுவிட்டு 11-ஆவதில் எழுதினால் யாரும் தடுக்க மாட்டார்கள். 64 பிட் லினக்ஸில் வழக்கமாக இருக்கும் ஜிலிப்சி நூலகம் 10 கேட்டாலும் 24 பைட் தருகிறது. 25-ஆவது பைட்டில் எழுதினால்தான் வினை; அடுத்த துண்டின் அளவை மாலாக் குறித்துவைத்திருக்கும் இடம் அது. அப்போதும் ப்ரோகிராம் உடனே விழாது. எப்போதோ, சம்பந்தமே இல்லாத ஒரு ஃப்ரீயில் விழும். தவறு செய்த இடமும் விழுந்த இடமும் வேறு வேறாக இருப்பதால்தான் இந்த வகைப் பிழையைத் தேடுவது இவ்வளவு வேதனை.

இனி அந்த 137. கல்யாணத்துக்கு ஆயிரம் பத்திரிகை கொடுக்கிறோம், சாப்பாடு அறுநூறு பேருக்குச் சொல்கிறோம். எல்லோரும் வரமாட்டார்கள் என்ற கணக்கு. லினக்ஸும் அப்படித்தான். கேட்டதை எல்லாம் யாரும் முழுக்கப் பயன்படுத்துவதில்லை என்பதால், இருக்கும் ரேமைவிட அதிகமாகவே வாக்குக் கொடுக்கிறது. இலை போடுவது ஆள் வந்து உட்கார்ந்த பிறகுதான். ஆயிரம் பேரும் வந்துவிட்டால்? பேஜ் ஃபால்ட்டின் நடுவில் கொடுக்க ஒரு பக்கம்கூட இல்லாமல் கர்னல் தவிக்கும். அந்த நிலையில் மாலாக்குக்கு நல் அனுப்ப முடியாது, ஏனென்றால் மாலாக் எப்போதோ திரும்பிப் போய்விட்டது. வேறு வழியில்லாமல், பெரும்பாலும் அதிக ரேம் பிடித்திருக்கும் ப்ராசஸைப் பார்த்துக் கொல்கிறது. விண்டோஸ் இதில் கறாரானது. ரேமும், டிஸ்க்கில் உள்ள பேஜ் ஃபைலும் சேர்ந்து எவ்வளவோ, அதற்கு மேல் வாக்குக் கொடுக்காது. லினக்ஸிலும் ஓவர்கமிட்மெமரி என்ற அமைப்பை 2 என்று மாற்றினால், கேட்கும்போதே மறுக்கப் பழகிக்கொள்ளும்.

வாடகை சர்வரில் அந்த அமைப்பை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. அதில் ஓடும் மற்ற ப்ரோகிராம்களையும் அது பாதிக்கும். பதிலாக, ப்ரோகிராம் தொடங்கியதும் பஃபரின் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு பைட் எழுதும் லூப்பை வைத்தேன். அடுத்த முறை ஓட்டியபோது அதே 'கில்டு' வந்தது, ஆனால் தொடக்கத்திலேயே, ஒரு வரித் தரவைக்கூட அது தொடுவதற்கு முன்பு. பஃபரைப் பாதியாகக் குறைத்து மறுபடி ஓட்டினேன். லூப் முடிந்தது, விஎம்ஆர்எஸ்எஸ் ஏறி ஒரு எண்ணில் நின்றது, வேலை முடியும்வரை அந்த எண் அங்கேயே இருந்தது.