புகைக்குள் ஒரு கட்டளை

‘எந்த நிமிடமும் உயிர் போகலாம் என்ற வேலையில், அதிகாரி நியாயமாக நடக்கிறாரா இல்லையா என்பதெல்லாம் ஒரு விஷயமா?’ என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். மற்ற அலுவலகங்களைவிடத் தீயணைப்பு நிலையத்தில்தான் அது பெரிய விஷயம் என்பேன்.

யாருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதில் ஒரு நியாயம் உண்டு. அதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்பதில் இன்னொரு நியாயம் உண்டு. பலரும் முதலாவதைத்தான் பார்க்கிறோம். வேலையில் பற்றை வளர்ப்பதில் இரண்டாவதற்கும் பெரும் பங்கு உண்டு.

இதில் என்னை வியக்க வைப்பது, 1990-இல் உளவியலாளர் ஆலன் லிண்டும் இரு சகாக்களும் வெளியிட்ட சோதனை. மாணவர்களுக்கு ஒரு வேலையும் அதற்கான இலக்கும் தரப்பட்டன. ஒரு குழுவிடம் இலக்கை முடிவு செய்யும் முன்பே கருத்துக் கேட்டார்கள். இன்னொரு குழுவிடம் எதுவும் கேட்கவில்லை. மூன்றாவது குழுவிடம் முடிவை அறிவித்த பிறகு கேட்டார்கள். அவர்கள் என்ன சொன்னாலும் இலக்கு மாறப்போவதில்லை. அப்படியிருந்தும், எதுவும் கேட்கப்படாதவர்களைவிட இவர்கள் ‘நடந்தது நியாயம்தான்’ என்று கருதினார்கள். முன்பே கேட்கப்பட்டவர்களிடம் அந்த எண்ணம் இன்னும் வலுவாக இருந்தது. பேச்சால் பலன் கிடைக்குமா என்ற கணக்கோடு நாம் நின்றுவிடுவதில்லை. ‘என்னையும் ஓர் ஆளாக மதித்தார்கள்’ என்பதே தனியாக எடை பெறுகிறது.

லிண்ட் பின்னாளில் இதை இன்னும் விரித்தார். தலைவர் நம்பத் தகுந்தவரா என்பதை நேரடியாக அளந்து பார்க்க வழியில்லை. எனவே மனம் கண்ணுக்குத் தெரிகிற நடத்தையை வைத்து முடிவு கட்டுகிறது: பொங்கலுக்கு யாருக்கு விடுப்பு, தொடர்ந்து இரவுப் பணி யார் தலையில் விழுகிறது, தவறு நடந்தால் இரு தரப்பும் விசாரிக்கப்படுகிறதா. ஒருமுறை உருவான கணிப்பை மனம் எளிதில் மாற்றிக்கொள்வதில்லை. புகைக்குள் ‘உள்ளே போ’, ‘வெளியே வா’ என்று குரல் வரும்போது காரணம் கேட்க நேரமில்லை. பழைய கணிப்பைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

1949 ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், மான் கல்ச் பள்ளத்தாக்கில் புல்லில் பற்றிய தீ, தீயணைப்பு வீரர்களைத் துரத்தியது. குழுத் தலைவர் வாக்னர் டாட்ஜ் தம் முன்னிருந்த புல்லுக்குத் தாமே தீ வைத்து, எரிந்த இடத்துக்குள் வரச் சொன்னார். எரிய மிச்சமில்லாத இடத்தில் பெருந்தீக்கு இரை கிடைக்காது என்பது அவர் கணக்கு. யாரும் வரவில்லை. 13 பேர் இறந்தார்கள்; சாம்பலில் படுத்த டாட்ஜ் பிழைத்தார். அவர் அநியாயக்காரர் அல்லர். ஆனால் அது ஒன்றாக உழைத்துப் பழகிய குழு அல்ல. அத்தனை விசித்திரமான கட்டளையைத் தாங்கும் நம்பிக்கை வளர அவகாசமே இருந்திருக்கவில்லை.

ஏணி வண்டிகளுக்குக் கோடிகள் ஒதுக்குவதை நான் குறை சொல்லவில்லை, அவை வேண்டும். அந்தத் தொகையில் ஒரு துளியையாவது, பணிப் பட்டியல் எப்படித் தயாராகிறது, வீரர்களின் குறைகள் எங்கே தேங்குகின்றன என்று ஆராயவும் ஒதுக்க வேண்டும். அந்த ஆய்வில் முதலில் பேச வேண்டியவர்கள், குழாயைப் பிடித்து முன்னால் நிற்பவர்கள்.