தென்னந்தோப்பு காடா, வெட்டவெளியா?

பொம்மைப் படைகளை மேசையில் நகர்த்திப் பகடை உருட்டி ஆடும் போர் விளையாட்டு ஒன்றில், அதுவும் ஐரோப்பிய நிலத்தை மனதில் வைத்து எழுதிய ஒன்றில், திருவிதாங்கூரும் டச்சுக்காரரும் மோதிய 1741 குளச்சல் போரை ஆடிப் பாருங்கள். படைகள் மோதுவதற்கு முன்பே ஆடுகிறவர்கள் மோதிக்கொள்வார்கள். கரையிறங்கிய டச்சுப் படை திருவிதாங்கூரின் தலைநகரான பத்மநாபபுரத்தை நோக்கிப் போக வேண்டும். வழியெல்லாம் வயல், குளம், தென்னந்தோப்பு. விதிப் புத்தகத்திலோ வெட்டவெளி, காடு, சதுப்பு, குன்று என்று நாலே வகை நிலம்.

தோப்பு எதில் சேரும்? மரம் இருக்கிறதே, காடுதான் என்பார் ஒருவர். அடியில் புதரே இல்லையே, அந்தப் பக்கம் வருகிற ஆள் தெரிவானே என்பார் இன்னொருவர். சட்டத் தத்துவ அறிஞர் எச்.எல்.ஏ. ஹார்ட் 1958-ல் இதே சிக்கலைத்தான் எழுதினார். பூங்காவுக்குள் வாகனம் கூடாது என்று ஒரு விதி. கார் கூடாது, சரி. சைக்கிள்? பொம்மைக் கார்? எந்தச் சொல்லுக்கும் நடுவில் பொருள் கெட்டியாக இருக்கும், ஓரத்தில் மங்கும். எழுதியவர் எத்தனை கவனமாக இருந்தாலும் அந்த ஓரம் மிச்சமிருக்கும்.

சொல்லில் குழப்பம் இல்லாவிட்டாலும் வரிசையில் வரலாம். பகடையில் 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் குண்டு படும். எதிரி மறைவில் இருந்தால் விழுந்த எண்ணில் 1 கழியும். தவறிய பகடையை ஒருமுறை மறுபடி உருட்டலாம். மூன்றும் தெளிவான விதிகள். இப்போது 4 விழுகிறது. முதலில் கழித்தால் அது 3. தவறிவிட்டது, மறுபடி உருட்டலாம். மறு உருட்டலை முதலில் பார்த்தால் 4 தவறவே இல்லை, உருட்ட வழியில்லை. பிறகு 1 கழிந்து குண்டும் வீணாகும். கணக்குப் போட்டால் முதல் வழியில் சராசரியாக 18-க்கு 10 குண்டு படும், இரண்டாவதில் 9.

ஒற்றை ஆட்டத்துக்கு இது பெரிய விஷயமில்லை. அந்த நேரத்துக்கு ஒரு பகடையை உருட்டி யார் சொல்வது சரி என்று முடித்துக்கொள்ளலாம். தொடர் ஆட்டத்தில் அந்தக் குறுக்குவழி எனக்குப் பிடிப்பதில்லை. குளச்சலில் செத்த துப்பாக்கிக்காரன் அடுத்த மோதலுக்கு வரமாட்டான். அந்த ஒரு குண்டு வித்தியாசம் ஆட்டத்துக்கு ஆட்டம் சேர்ந்துகொண்டே போகும். இன்று சொன்ன தீர்ப்பு அடுத்த வாரம் எதிராளியின் கையில் ஆயுதமாகவும் திரும்பும். அதனால் பகடையைத் தொடுவதற்கு முன்பே, யாருக்கு லாபம் என்று தெரியாத நிலையிலேயே பேசி முடித்து நோட்டில் எழுதிவிட வேண்டும்.

பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி 1824-ல் வெளியிட்ட கிரீக்ஸ்ஷ்பீல் என்ற போர் ஆட்டத்திலேயே நடுவர் உண்டு. பிறகு விதிகள் பெருகிப் பெருகி ஆட்டம் ஊர்ந்தது. 1876-ல் வெர்டி டு வெர்ன்வா என்ற அதிகாரி அட்டவணைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, அனுபவமுள்ள நடுவர் சொல்வதே முடிவு என்றார். நல்ல யோசனைதான், நடுவருக்கு நிலம் தெரிந்திருந்தால். தெரியாதவர் வயலை வெட்டவெளி என்று சொன்னால், நாகர்கோவில்காரர் யாராவது "மக்கா, சேத்துல பீரங்கிய இழுத்துப் பாத்திருக்கியா?" என்று கேட்டுவிடுவார்.

வயலுக்கு ஒரே பெயர் தேடுவதை விட்டுவிட்டுக் கேள்வியைப் பிரிப்பதுதான் வழி. விதி நிலத்தைப் பற்றிக் கேட்பது மூன்றே விஷயம்: நடக்க முடியுமா, பார்க்க முடியுமா, குண்டுக்கு மறைவு கிடைக்குமா. சேறடித்த வயல் நடைக்குச் சதுப்பு, பார்வைக்கு வெட்டவெளி. தோப்பு நடைக்கு வெட்டவெளி, மறைவுக்குக் காடு. பருவத்தையும் சேர்த்து எழுத வேண்டும். போர் நடந்த ஆகஸ்டில் கன்னிப்பூ என்ற முதல் போக நெல் கதிர் முற்றி நிற்கும். ஆட்டம் அக்டோபருக்கு நீண்டால் கும்பப்பூ என்ற அடுத்த போக நடவுக்கு அதே வயல் சேறாகிவிடும்.

குளத்தங்கரைதான் கொஞ்சம் இழுக்கும். மேலே நிற்பவனுக்கு அது குன்று, பின்னால் பதுங்குபவனுக்கு மதில். அதன்மேல் பீரங்கி போகுமா என்று தகராறு வந்தால், மாட்டுவண்டி போகிற கரையில் போகும் என்று வைத்துக்கொள்ளலாம்.