பாடு

வேலைக்கான நேர்காணலில் “உங்கள் பேஷன் என்ன?” என்று கேட்டால் ஆர்வத்தைச் சொல்ல வேண்டும். அதே ஆங்கிலச் சொல்தான் இயேசு சிலுவையில் பட்டதையும் குறிக்கிறது. பழைய பொருள் அந்த இரண்டாவதுதான். லத்தீனில் ‘பாசியோ’ என்றால் படுதல். நோயாளியைக் குறிக்கும் ‘பேஷன்ட்’டும் அதே வேரில் முளைத்தது.

தமிழ்க் கிறிஸ்தவர்கள் இதற்குச் சொல் கடன் வாங்கவில்லை. பாடு, பாடுகள் என்கிறார்கள். கத்தோலிக்கர் ‘திருப்பாடுகள்’ என்பார்கள். கெடு கேடு ஆனதுபோல், சுடு சூடு ஆனதுபோல், படு என்பது முதலெழுத்து நீண்டு பாடு ஆனது.

படு என்பது நம் கையில் இல்லாததைச் சொல்லும் வினை. கண்ணில் படுகிறது, அடிபடுகிறது. போரில் விழுந்தவனுக்கு எடுத்த நடுகல்லில் ‘பட்டான் கல்’ என்று வெட்டினார்கள். இலக்கண வகுப்பில் படித்த ‘செயப்பாட்டுவினை’க்குள்ளும் இந்தப் பாடு உட்கார்ந்திருக்கிறது. நற்செய்தி நூல்களை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். கெத்செமனே தோட்டம் வரை இயேசு நடந்தார், தொட்டார், குணமாக்கினார், விரட்டினார். அப்புறம் பிடிக்கப்பட்டார், கட்டப்பட்டார், அடிக்கப்பட்டார், அறையப்பட்டார். முழுக்க அப்படியே என்று சொல்ல முடியாது, சிலுவையிலிருந்தும் பேசுகிறார்தான். ஆனாலும் வினைகளின் சாய்வு மாறிவிடுகிறது.

சரி, அப்படியானால் ‘துன்பம்’ என்றே சொல்லியிருக்கலாமே? எனக்குப் பாடுதான் மேல் என்று படுகிறது. துன்பத்தில் நோவு மட்டும் இருக்கிறது. பாடு என்பதில் உழைப்பும் இருக்கிறது. ‘பாடுபட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைத்தாள்’ என்கிறோம், உழைப்பவர் பாட்டாளி. கடற்கரையில் ‘மீன்பாடு’ என்றால் வலையில் கிடைத்தது. வலியும் உழைப்பும் விளைச்சலும் ஒரே சொல்லில் கிடக்கின்றன. கோயிலில் கூடிச் சொல்லும் நம்பிக்கை அறிக்கையான விசுவாசப் பிரமாணத்தில் ‘பாடுபட்டு, சிலுவையில் அறையுண்டு’ என்று சொல்லும்போது, வயலில் பாடுபட்டவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும் என்று யோசிப்பதுண்டு.

இதை வைத்துக்கொண்டு ‘கடவுள் ஏதோ காரணத்தோடுதான் அடிக்கிறார்’ என்று படுக்கையில் கிடப்பவரிடம் போய்ச் சொல்லக் கூடாது. வேதாகமத்தில் எல்லாம் இழந்து நோயில் கிடந்த யோபுவின் நண்பர்கள் செய்தது அதுதான். கடைசியில் கடவுளே அவர்களைக் கண்டித்தார். பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, இவரும் செய்யவில்லை, பெற்றோரும் செய்யவில்லை என்றார் இயேசு (யோவான் 9). வினைக்கணக்குப் பார்க்கும் வழியை அங்கேயே அடைத்துவிட்டார்.

துன்பத்துக்குக் கிறிஸ்தவம் கண்ட பொருள் வேறு பக்கம் இருக்கிறது. சிறையிலிருந்து எழுதிய கொலோசெயர் நிருபத்தில் (1:24), ‘உங்கள்நிமித்தம் அநுபவிக்கிற பாடுகளில்’ மகிழ்வதாக இயேசுவின் திருத்தூதரான பவுல் சொல்கிறார். கிறிஸ்துவின் உபத்திரவங்களில் குறைவானதைத் தன் உடலில் நிறைவேற்றுகிறாராம். துணிச்சலான வாக்கியம். சிலுவையில் என்ன குறை என்று காலங்காலமாகக் கேட்கிறார்கள். குறை சிலுவையில் இல்லை, அதில் நாம் சேர்ந்துகொள்வதுதான் பாக்கி என்பது வழக்கமான பதில். மனிதத் துன்பத்தின் பொருள் பற்றித் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1984 பிப்ரவரி 11 அன்று வெளியிட்ட மடலும் இந்த வசனத்தில்தான் தொடங்குகிறது. 1981 மே மாதம் துப்பாக்கிக் குண்டு பட்டவர் அவர். நாம் ‘அவரவர் பாடு அவரவருக்கு’ என்கிறோம். திருத்தூதர் பவுலின் பாடு ‘உங்கள்நிமித்தம்’ என்று தொடங்குகிறது.

அதே வசனத்தின் இன்னொரு சொல் ‘உபத்திரவம்’. இது வடமொழி. இன்று ‘உபத்திரவம் பண்ணாதே’ என்றால் தொந்தரவு கொடுக்காதே என்றுதான் பொருள். ‘உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு’ என்று பழைய வேதாகமத்தில் வாசிக்கும் இளைஞருக்குப் பக்கத்து வீட்டு ஸ்பீக்கர் நினைவுக்கு வந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. 1995இல் வந்த ‘திருவிவிலியம்’ என்ற புதிய மொழிபெயர்ப்பு அங்கே ‘துன்பம்’ என்று மாற்றிவிட்டது. கிரேக்க மூலத்தில் உள்ள ‘த்லிப்ஸிஸ்’ நசுக்குதல், இறுக்குதல் என்ற பொருளிலிருந்து வந்த சொல். ‘நெருக்கடி’ என்று போட்டிருந்தால் அதற்கு இன்னும் கிட்டத்தில் வந்திருக்கும்.