ஆட்டிசக் குழந்தையுடன் ஜப்பான்: முதலில் அறைகளை எண்ணுங்கள்

ஜூன் விடுமுறையும் டிசம்பர் விடுமுறையும் நெருங்கினால் சிங்கப்பூரில் எங்கள் சிகிச்சை நிலையத்தில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். நான் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாடச் செயல்களுக்குப் பிள்ளைகளைப் பழக்கும் சிகிச்சையாளர். என்னிடம் வரும் பெற்றோர் கையில் பெரும்பாலும் ஒரு பட்டியல் இருக்கும்: தோக்கியோ, ஹக்கோனே, கியோத்தோ, நாரா, ஒசாக்கா. பத்து நாளில் ஐந்து ஊர். "மேடம், இவனைக் கூட்டிட்டுப் போக முடியுமா?" என்று கேட்பார்கள். தாராளமாகப் போகலாம். ஆனால் அந்தப் பட்டியலில் நான் முதலில் எண்ணிப் பார்ப்பது, பிள்ளைக்கு எத்தனை முறை படுக்கை மாறுகிறது என்பதை.

விடுதி மாறுவது நமக்கு ஒரே வேலை. பிள்ளைக்கு அப்படி இல்லை. நேற்றுதான் பழகிய அறை காலையில் காணாமல் போகிறது. பெட்டி கட்டும் பரபரப்பு, வரவேற்பறையில் காத்திருப்பு, ரயில், மறுபடி காத்திருப்பு, அப்புறம் வேறொரு அறை. அங்கே குளிர்சாதனச் சத்தம் வேறு, போர்வையின் கனம் வேறு, விளக்கு சுவிட்ச் இருக்கும் இடம் வேறு. இரவில் தூக்கம் வராது. இப்படி இரண்டு முறை நடந்தால் ஐந்தாம் நாள் ஏதோ ஒரு கோயில் வாசலில் மெல்ட்டவுன் வரும், அதாவது பிள்ளை தாங்க முடியாமல் கட்டுப்பாடிழந்து அழுது கத்துவான். அங்கே கூட்டம் அதிகம், அதனால்தான் என்று பெற்றோர் நினைப்பார்கள். கூட்டமும் ஒரு காரணம்தான். ஆனால் பாதிக் காரணம் மூன்று நாளாகச் சேர்ந்த தூக்கக் கடன்.

அதனால் நான் சொல்வது இதுதான்: ஐந்து ஊர் பாருங்கள், இரண்டே இடத்தில் தூங்குங்கள். ஒசாக்காவில் தங்கினால் கியோத்தோவுக்கு ஜேஆர் விரைவு ரயிலில் அரை மணி நேரம்தான். நாராவுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. தோக்கியோவில் தங்கியபடியே ஹக்கோனேக்குப் போய் இரவுக்குள் திரும்பலாம். பகலில் எவ்வளவு புதுமை இருந்தாலும், மாலையில் அதே அறை, அதே கட்டில் என்பது பிள்ளைக்குப் பெரிய பிடிமானம். பாதி நாளில் களைத்துவிட்டால் திரும்பி வரவும் ஓர் இடம் இருக்கும். விடுதி மாறும் நாளில் அந்த வசதி கிடையாது.

இரண்டு ஊரிலும் ஒரே நிறுவனத்தின் விடுதியைப் பிடிப்பது இன்னொரு வழி. டொயோக்கோ இன் போன்ற சங்கிலி விடுதிகளில் அறைகள் ஊருக்கு ஊர் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். அறை சின்னதுதான், படமெடுத்துப் போட அழகாகவும் இருக்காது. ஆனால் ஒசாக்காவில் கதவைத் திறந்ததும் தோக்கியோ அறையே அங்கே இருந்தால் பாதிப் பதற்றம் அடங்கிவிடும். வீட்டுத் தலையணை உறையையும் எடுத்துப் போங்கள். துவைக்காமல் எடுத்துப் போங்கள், அந்த வாசனைதான் முக்கியம்.

விமான நேரத்தில் பலர் யோசிக்காத ஒரு சங்கடம் இருக்கிறது. பிள்ளை தூங்கிவிடுவான் என்று இரவு விமானத்தை எடுப்பார்கள். காலையில் தோக்கியோவில் இறங்குவார்கள். ஜப்பானிய விடுதிகள் பெரும்பாலும் மதியம் 3 மணிக்குத்தான் அறை தரும். சரியாகத் தூங்காத பிள்ளையை வைத்துக்கொண்டு ஆறேழு மணி நேரம் எங்கே போவது? முதல் நாளே கெட்டுப்போகும். பகல் விமானம் எடுங்கள். இல்லையென்றால் முந்தைய இரவுக்கும் சேர்த்து அறைக்குப் பணம் கட்டுங்கள். வீண் செலவு போலத் தெரியும், ஆனால் இந்தப் பயணத்தில் இதைவிட உபயோகமான செலவு வேறில்லை. சாங்கி விமான நிலையத்தில் இரண்டாம் முனையத்தின் புறப்பாட்டுப் பகுதியில் அமைதி அறை ஒன்று இருக்கிறது. உங்கள் விமானம் அங்கிருந்து புறப்பட்டால் அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பரில் போகிறவர்கள் குளிரைப் பற்றிக் கவலைப்படுவார்கள். நான் கவலைப்படுவது குளிருக்குப் போடும் உடையைப் பற்றி. பிறந்ததிலிருந்து டி-சட்டையும் அரைக்கால் சட்டையும் மட்டுமே அறிந்த சிங்கப்பூர்ப் பிள்ளைக்கு, கழுத்து மூடிய உள்ளாடை, கம்பளி, கையுறை, தடித்த காலுறை எல்லாம் ஒரே நாளில் உடம்பில் ஏறினால் அது தாங்க முடியாத உறுத்தல். ஒரு மாதம் முன்பே வீட்டில் குளிர்சாதனத்தைப் போட்டு, ஒவ்வோர் உடையாகப் பழக்குங்கள். லேபிளை வெட்டிவிடுங்கள். கம்பளி ஒத்துவராத பிள்ளைக்குப் பருத்தியின் மேல் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற துணி போதும். ஜூனில் போனால் அங்கே மழைக்காலம். மழைக்கோட்டின் சரசரப்பையும் ஈரக் காலணியையும் பிள்ளை தாங்குவானா என்று பாருங்கள்.

அடுத்து கழிவறை. ஜப்பானியக் கழிவறையை எல்லோரும் புகழ்வார்கள். சூடான இருக்கை, தானே திறக்கும் மூடி, எழுந்ததும் தானே பாயும் தண்ணீர், எங்கிருந்தோ வரும் ஓசை: ஒலிக்கும் தொடுகைக்கும் கூச்சமுள்ள பிள்ளை ஒரு முறை பயந்துவிட்டால் நாள் முழுக்க அடக்கி வைத்துக்கொள்வான். சென்சார் எங்கே இருக்கிறதென்று பார்த்து, அதன்மேல் ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டிவிடுங்கள், தண்ணீர் தானாகப் பாயாது. காணொளியில் அந்தச் சத்தத்தை வீட்டிலேயே மெதுவாகப் போட்டுப் பழக்கலாம். நான் இதைச் சொன்னால் அப்பாக்கள் சிரிப்பார்கள். அம்மாக்கள் குறித்துக்கொள்வார்கள்.

பெட்டிகளை இழுத்துக்கொண்டு பிள்ளையையும் பிடிப்பது முடியாத காரியம். ஜப்பானில் பெட்டியை விடுதியிலேயே கொடுத்தால், தக்யுபின் சேவை தோக்கியோவிலிருந்து ஒசாக்கா விடுதிக்கு வழக்கமாக மறுநாள் சேர்த்துவிடும். ஒரு நாள் உடையையும் மருந்தையும் மட்டும் கைப்பையில் வைத்துக்கொண்டால் ஷிங்கான்சென் அதிவேக ரயிலில் உங்கள் இரு கையும் பிள்ளைக்குத்தான்.

மருந்து விஷயத்தில் கவனம். ஏடிஎச்டி என்ற கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக்குத் தரும் சில மருந்துகளுக்கு ஜப்பானில் முன்கூட்டியே அனுமதி வேண்டும். ஆம்ஃபெட்டமின் கலந்தவற்றுக்கு அனுமதியே இல்லை. மருத்துவர் எழுதித் தரும் மற்ற மருந்துகளும் ஒரு மாத அளவைத் தாண்டினால் முன்கூட்டியே சான்றிதழ் வாங்க வேண்டும். தூக்கத்துக்குத் தரும் மெலடோனின் அங்கே கடையில் கிடைக்காது. டிக்கெட் போடும் முன்பே உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

தோக்கியோ போனதும் ஹெல்ப் மார்க் வாங்கிவிடுங்கள். சிவப்புப் பட்டையில் வெள்ளைச் சிலுவையும் இதயமும் இருக்கும். வெளியே தெரியாத குறைபாடு உள்ளவர்களுக்காகத் தோக்கியோ மாநகர அரசு 2012இல் தொடங்கியது. தோயேய் சுரங்க ரயில் நிலையங்களில் இலவசம், சான்றிதழ் கேட்பதில்லை. ரயிலில் பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு கத்தும்போது, அந்தப் பட்டை உங்களுக்காகப் பேசும். தினமும் காலையில் அன்றைய உடையோடு பிள்ளையை ஒரு படம் எடுத்து வையுங்கள், கூட்டத்தில் தவறினால் உதவும். அங்கே காவல்துறைக்கு 110.

பயணத்தை முன்கூட்டியே பிள்ளைக்குப் படங்களாகக் காட்டுவது நல்லது. விடுதி வாசலைக் கூகுள் ஸ்ட்ரீட் வியூவில் எடுத்து, படப் புத்தகமாகச் செய்யலாம். எவ்வளவு முன்பு என்பது பிள்ளையைப் பொறுத்தது. சிலர் மாதக்கணக்கில் எண்ணிக் களிப்பார்கள். சிலரிடம் ஒரு வாரத்துக்கு முன் சொன்னாலே தூக்கம் போய்விடும். எப்படியானாலும் கடைசிப் பக்கம் நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கதவாக இருக்கட்டும்.

கடைசியாக, குடும்பத்தாரிடம் ஒன்று. எல்லோரும் எல்லா இடத்துக்கும் சேர்ந்தே போக வேண்டும் என்ற பிடிவாதத்தைச் சாங்கியிலேயே விட்டுவிடுங்கள். யுனிவர்சல் ஸ்டூடியோஸ் அக்காவின் ஆசை என்றால் அவள் அப்பாவோடு போகட்டும். தம்பி அம்மாவோடு லூப் லைன் ரயிலில் ஒசாக்காவைச் சுற்றி வரட்டும். தாத்தா பாட்டி உடன் வந்தால், அவர்களுக்கும் இதை முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் "பிள்ளையை ஏன் தனியா விடுறீங்க" என்று அங்கே வாக்குவாதம் வரும். திரும்பும் நாளையும் பார்த்துப் போடுங்கள். ஞாயிறு இரவு இறங்கி, திங்கள் காலை பள்ளி என்றால் முதல் வாரம் ஆசிரியருக்கும் சிரமம், பிள்ளைக்கும் சிரமம். வியாழனுக்குள் வீடு வந்துவிடுங்கள்.