"நாற்பது சதவீதம்தானே?" என்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்

போன வாரம் இரவு இரண்டு மணிக்கு மாரடைப்போடு ஒருவரைக் கொண்டுவந்தார்கள். வயது 52. மனைவியின் கையில் மஞ்சள் பை. உள்ளே எட்டு மாதத்துக்கு முந்தைய ஆஞ்சியோ (சாயம் செலுத்தி இதய ரத்தக்குழாயைப் படமெடுக்கும் சோதனை) ரிப்போர்ட், கூடவே கொழுப்பு மாத்திரை அட்டை. பத்தில் நான்குதான் பிரித்திருந்தது. "நாற்பது சதவீத அடைப்புதான், ஸ்டென்ட் வேண்டாம்னு சொன்னாங்க சார். அதான் விட்டுட்டார்." ரத்தம் உறைந்து அடைத்திருந்ததும் அதே நாற்பது சதவீத இடத்தில்தான். இந்த மாதத்தில் இவர் மூன்றாவது ஆள்.

ஸ்டென்ட் (குழாயை விரித்து வைக்கும் சிறு கம்பி வலை) வேண்டாம் என்றால் நோய் இல்லை என்று அர்த்தமில்லை. ஆஞ்சியோவில் தெரிவது ரத்தம் ஓடும் பாதை மட்டும். குழாயின் சுவருக்குள் என்ன சேர்ந்திருக்கிறது என்பது அதில் தெரியாது. கொழுப்புச் சேரச் சேரக் குழாய் முதலில் வெளிப்பக்கமாகப் புடைத்து இடம் கொடுக்கும். பாதை நன்றாகத்தான் தெரியும். நாரும் சுண்ணாம்புமாக இறுகிப்போன 80 சதவீத அடைப்பு, நடந்தால் நெஞ்சைப் பிடிக்கும், ஆனாலும் வருடக்கணக்கில் உடையாமல் இருக்கலாம். (அதையும் அலட்சியம் செய்யக் கூடாது, அது வேறு பேச்சு.) 40 சதவீதத்துக்குள்ளே கூழாகக் கொழுப்பு, மேலே 65 மைக்ரானுக்கும் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவாகப் பாலாடை போல ஒரு மூடி என்றால் அதுதான் எங்களுக்குப் பயம். அந்த மூடி கிழிந்தால் சில நிமிடங்களில் ரத்தம் உறைந்து குழாய் அடைத்துவிடும்.

அப்புறம் லேசர். "லேசர் அடிச்சு அடைப்பைப் பார்த்து, அப்படியே கரைச்சிடலாமாமே?" என்று வாட்ஸ்அப்பைக் காட்டுகிறார்கள். பார்க்கும் லேசர் வேறு, அகற்றும் லேசர் வேறு. பார்ப்பதில், மிதமான புற ஊதா லேசர் பட்டால் குழாய்ச் சுவரில் இருக்கும் கொலாஜன், எலாஸ்டின் என்ற நார்ப் புரதங்கள், கொழுப்பு ஒவ்வொன்றும் தன் விதத்தில் ஒளிரும். அந்த ஒளியின் நிறத்தையும், அது அணைய எடுக்கும் நானோ நொடிகளையும் வைத்து மேல்பரப்பில் இருப்பது நாரா கொழுப்பா என்று கணிப்பார்கள். 1980-களிலிருந்து நடக்கும் ஆய்வு இது. ஒளி ஆழமாக உள்ளே போகாது, நடுவில் ரத்தம் இருந்தால் அதுவே விழுங்கிவிடும். இது எதையும் கரைக்காது! அடைப்பை அகற்றும் எக்சைமர் லேசர் வேறு கருவி, தேவைப்படும் சிலருக்கு மட்டும்.

மூடியைத் தடிப்பாக்குவது நீங்கள் நிறுத்திய அந்தக் கொழுப்பு மாத்திரைதான். அடைப்பின் சதவீதம் பெரிதாகக் குறையாது. அதனால் பலனில்லை என்று நினைக்காதீர்கள். தசை வலித்தால் வந்து சொல்லுங்கள், அளவை மாற்றித் தருகிறோம். பீடி, சிகரெட்டை இன்றே விடுங்கள். நெஞ்சில் பாரம், வியர்வை, கை வலி என்றால் வாயு என்று சோடா குடித்துவிட்டு விடியட்டும் என்று படுக்காதீர்கள். தயவுசெய்து உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், வரும்போது பழைய ரிப்போர்ட்டையும் எடுத்து வாருங்கள்.