டோர்ச் வெளிச்சத்தில் தெரிந்த மரத்தூள்

"அண்ணன், பிளேனர் சீவல் நிலம் முழுக்கக் கிடக்கு. என்ன மெசின் வாங்கினா நல்லம்?" என்று கேட்டார் ஒரு தம்பி. கல்லடியில் வீட்டோடு சேர்த்துத் தச்சுப் பட்டறை வைத்திருப்பவர். போய்ப் பார்த்தேன். சீவல் கிடந்தது உண்மைதான். மரத்தைத் தேய்த்து மினுக்கும் சாண்டரை நிறுத்திக் கால் மணித்தியாலம் கழிந்ததும், கதவைச் சாத்தி டோர்ச் அடித்துக் காட்டினேன். வெளிச்சத்துக்குள் மாவு போலத் தூள் இன்னும் மிதந்துகொண்டிருந்தது. பக்கத்து அறையில் அவருடைய பிள்ளை படுத்திருந்தது. அதன் பிறகு அவர் சீவலைப் பற்றிப் பேசவில்லை.

சீவலை அள்ளிவிடலாம். 10 மைக்ரோனுக்கும் சிறிய தூளோ நெஞ்சுக்குள் போய்விடும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 1995இல் வெளியிட்ட அறிக்கையில், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் தொகுதியில் மரத்தூளைச் சேர்த்தது. அதிகம் பாதிக்கப்படுவது மூக்கின் உட்பகுதி. முதிரை அறுப்பவர்கள் சிலருக்குத் தூள் பட்ட இடம் தடித்து அரிக்கும். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையென்றால் பசையில் உள்ள போமல்டிகைட்டு என்ற நச்சுப் பொருளும் சேர்ந்துகொள்ளும்.

சாண்டருக்கு ஒரு வக்கியூம் போதும். ஆனால் அதை நேரே பூட்டினால் பில்டர் அடைத்து, பை நிறையுமுன்பே இழுவை குறைந்துவிடும். அதனால் நடுவில் இறுக்கமான மூடியுள்ள ஒரு டிரம் வைத்து, மேலே சைக்கிளோன் கூம்பு பூட்டினோம். காற்று சுழலும்போது சீவலும் தூளின் பெரும்பகுதியும் டிரம்முக்குள் விழுந்துவிடும். பில்டருக்குப் போவது மிக நுண்ணிய தூள் மட்டும். அதைப் பிடிக்க ஹெப்பா பில்டர் போடுங்கள், இதில் மட்டும் காசு பார்க்க வேண்டாம்.

பிளேனருக்கு வக்கியூம் தாங்காது. 4 அங்குலக் குழாயோடு, சீவலை உறிஞ்சிப் பையில் சேர்க்கும் பெரிய டஸ்ட் கலெக்டர் வேண்டும். கையில் இருக்கிறதே என்று 2 அங்குலப் பைப்பைப் பூட்டாதீர்கள்: காற்று போகும் வழி பாதியாக அல்ல, கால்வாசியாகிவிடும். வளைவுகளுக்குச் செங்குத்து எல்போ ஒன்றுக்குப் பதில் 45 பாகை எல்போ இரண்டு போட்டால் சீவல் அடைக்காது.

கலெக்டரின் துணிப்பை நுண்தூளைத் திரும்ப அறைக்குள்ளேயே விடும். அவருடைய பட்டறை வீட்டுக்கு மேற்கே இருக்கிறது, மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தால் எல்லாம் வீட்டுக்குள்தான் வரும். ஆகவே கலெக்டரை வெளிக் கொட்டிலுக்கு, காற்று வீட்டைத் தாண்டிப் போகும் பக்கம் மாற்றினோம். வீட்டுப் பக்கக் கதவுக்கு ரப்பர் விளிம்பு வைத்தோம்.

கொம்பிரசரால் மேசையை ஊதுவதைத் தயவுசெய்து விடுங்கள், படிந்த தூளைத் திரும்பக் கிளப்புவதுதான் அது. என்95 மாஸ்க்கை மெசின் நின்றவுடன் கழற்ற வேண்டாம். துணி மாஸ்க் இதற்கு உதவாது.

டிரம் முக்கால் நிறைந்ததும் கொட்டிவிடச் சொல்லியிருக்கிறேன். அதற்கு மேல் போனால் சுழற்சி குலைந்து எல்லாம் பில்டருக்குப் போய்விடும். கோழிக்கூட்டுக்குச் சீவல் கேட்டு அயலவர்கள் வருவார்கள். மருந்தடிக்காத மரத்துச் சீவல் என்றால் கொடுக்கலாம், எம்.டி.எஃப். தூள் கலந்தது வேண்டாம்.