பயிற்சிக்கான வயலின் வீட்டில் இருக்க வேண்டும்

"முதலில் ஆறு மாதம் கற்றுக்கொள்ளட்டும், ஆர்வம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வயலின் வாங்கித் தருகிறோம்" என்று சொல்லும் பெற்றோரை, கர்நாடக இசையில் வயலின் கற்பிக்கும் நான் தொடர்ந்து சந்தித்து வருகிறேன். செலவைப் பற்றிய அவர்களுடைய தயக்கம் நியாயமானதே. ஆனால் அந்த ஆறு மாதமும் வீட்டில் கருவி இல்லாமல் கழியுமானால், அதன் முடிவில் குழந்தையின் ஆர்வத்தைப் பற்றி நமக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

வீணையில் மெட்டுகள் எனப்படும் குறுக்குப் பட்டைகள் உண்டு. விரல் எங்கே விழ வேண்டும் என்பதை அவையே காட்டிவிடும். வயலினின் விரற்பலகையில் அப்படி ஓர் அடையாளமும் கிடையாது. மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்னும் முதல் பாடத்தைத் தொடங்கும் குழந்தை, 'ரி' ஆகிய சுத்த ரிஷபம் 'ஸ' ஆகிய சட்ஜத்தை எவ்வளவு நெருங்கி நிற்கிறது என்பதைக் காதால் உணர்ந்து, விரலால் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வில் பிடிக்கும் வலது கையும் அவ்வாறே: வில் நேராகச் செல்வதும், சீரான அழுத்தத்துடன் நாதம் எழுவதும் நாள்தோறும் பதினைந்து இருபது நிமிடமாவது வாசிக்கும் கைகளுக்கே வாய்க்கின்றன. வீட்டில் வாசிக்காத குழந்தைக்கு, சென்ற வாரம் திருத்திய விரல் நிலையையே இந்த வாரமும் திருத்த வேண்டியிருக்கிறது. சில மாதங்களில் குழந்தை சலித்துப்போகிறது. அந்தச் சலிப்பை 'ஆர்வமின்மை' என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

வாங்கும்போது விலையைவிட முதலில் பார்க்க வேண்டியது அளவு. முழு அளவு, முக்கால், அரை, கால் என்று வயலின்கள் கிடைக்கின்றன. வயலினைத் தோளில் வைத்து இடது கையை நீட்டினால், அதன் சுருள் முனை உள்ளங்கைக்குள் அடங்கி, விரல்கள் அதை எளிதாக வளைத்துப் பிடிக்க வேண்டும். "வளர்ந்தாலும் ஆகும்" என்று பெரிய அளவை வாங்குவது சட்டைக்குப் பொருந்தலாம்; வயலினுக்குப் பொருந்தாது. எட்டாத இடத்துக்கு விரலை இழுக்கும் குழந்தையின் மணிக்கட்டு மடிந்துபோகும், அந்தப் பழக்கத்தை மாற்றுவது மிகக் கடினம். சிறிய வயலினில் கம்பியின் நீளம் குறைவாதலால், சுருதியை மிகவும் இறக்கினால் கம்பி தளர்ந்து நாதம் மங்கிவிடும். எந்தக் கட்டையில், அதாவது எந்தச் சுருதி அளவில், சுருதி சேர்ப்பது என்பதை ஆசிரியரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

இணையத்தில் மலிவாக வரும் வயலினை நான் ஒதுக்கச் சொல்வதில்லை. ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தவுடனே குழந்தையிடம் கொடுத்துவிடாதீர்கள். பெரும்பாலும், கம்பிகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரை உயரமாக இருப்பதால் கம்பி விரற்பலகையிலிருந்து எழும்பி நிற்கும். அதை அழுத்தி அழுத்திப் பிஞ்சு விரல்கள் வலிக்கும். கம்பிகளை முறுக்கும் பிரடைகள் வழுக்கிச் சுருதி நிற்காது. கருவி பழுதுபார்ப்பவரிடம் குதிரையைச் செதுக்கி, பிரடைகளைச் சரிசெய்து வாங்கினால் அதே வயலின் பழகத் தகுந்ததாகிவிடும். நல்ல நிலையில் உள்ள பழைய வயலின் கிடைத்தால் அதுவே மேல்.

வாங்கவே இயலாத குடும்பங்களுக்குக் கருவியை இரவல் தரும் வழி வேண்டும். அரை அளவு வயலினைக் குழந்தை ஓரிரு ஆண்டுகளில் கடந்துவிடும்; பிறகு அது பரணில்தான் கிடக்கிறது. அப்படி மிஞ்சியவற்றை வகுப்புக்கே திருப்பித் தருமாறு முன்னாள் மாணவர்களைக் கேட்கிறேன். பலர் மனமுவந்து தருகிறார்கள். டொராண்டோ பொது நூலகம் 2016 முதல், நூலக அட்டை வைத்திருப்பவர்களுக்குப் புத்தகத்தைப் போலவே இசைக்கருவியையும் இரவல் தருகிறது. நம் ஊர்களிலும் இது முடியாத காரியமன்று.

பள்ளிகளிடம் நான் வருத்தத்தோடு சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கருவிகள் வாங்கியிருக்கிறார்கள், ஆனால் உடைந்துவிடும் என்ற அச்சத்தில் அவை அலமாரியில் பூட்டியே இருக்கின்றன. மாணவர் கையில் வழக்கமாகப் பழுதாவது கம்பியும் குதிரையும் வில்லின் முடியும்தான். இவை எல்லாம் மாற்றக்கூடியவை. வாசித்து முடித்ததும் வில்லைத் தளர்த்தி வைப்பது, வெயில் படும் இடத்தில் பெட்டியை வைக்காதிருப்பது, நான்கு கம்பிகளையும் ஒரே சமயத்தில் கழற்றாதிருப்பது ஆகியவற்றை முதல் நாளே சொல்லித்தந்தால் போதும். (ஒருசேரக் கழற்றினால் குதிரை விழுவதோடு, உள்ளே மேற்பலகையைத் தாங்கி நிற்கும் சிறு மரக்குச்சியும் சாய்ந்துவிடக்கூடும், அதை மீண்டும் நிறுத்துவது பழகியவர் செய்ய வேண்டிய வேலை.) ஒரு பதிவேடு, பெற்றோரின் கையெழுத்து, இயன்றால் சிறு முன்வைப்புத் தொகை ஆகியவற்றைக் கொண்டே, கருவிகளை மாணவர்களிடம் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் ஏற்பாட்டை நடத்திவிடலாம்.

மிருதங்க மாணவர்களின் நிலையும் இதுதான். தொடையிலும் மேசையிலும் தட்டிப் பழகும் குழந்தைக்குச் சொற்கட்டு என்னும் தாளச் சொற்கோவை மனப்பாடமாகலாம். ஆனால் வலப்பக்கமான வலந்தலையில் 'நம்' என்னும் சொல் எப்படி ஒலிக்கும், இடப்பக்கமான தொப்பியில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைக் கை அறியவே அறியாது.

கோடை விடுமுறையில் பள்ளியோடு சேர்ந்து கருவி அலமாரியும் பூட்டப்படுகிறது. மாணவருக்கு மிகுதியான நேரம் கிடைப்பது அந்த வாரங்களில்தான் என்பதால், ஆண்டுத் தேர்வு முடியும் நாளிலேயே பள்ளிக் கருவிகளைப் பதிவேட்டில் குறித்து மாணவர்களிடம் கொடுத்தனுப்புமாறு தலைமையாசிரியர்களை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன்.